வேலை முடிந்தது, பணம் எங்கே?

மாதச் சம்பளக்காரருக்கு முதல் தேதி என்று ஒன்று உண்டு. வேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசித் தனியாகத் தொழில் செய்கிறவருக்கு அது கிடையாது. பில் கொடுத்த தேதி உண்டு. பணம் வருகிற தேதிதான் நிச்சயமில்லை.

மும்பைத் தமிழர்களில் இப்படிப் பிழைக்கிறவர்கள் ஏராளம். நாடு முழுவதும் விற்கும் சோப்புக்கும் இன்ஷூரன்சுக்கும் விளம்பரம் தயாராவது பெரும்பாலும் இந்த நகரில்தான். அதைத் தமிழில் எழுதவும், தமிழில் பேசிக் குரல் கொடுக்கவும் ஆள் வேண்டுமல்லவா? மாட்டுங்காவிலோ செம்பூரிலோ டோம்பிவிலியிலோ இருக்கும் ஒருவருக்குப் போன் வரும். "இன்று ராத்திரிக்குள் வேண்டும்" என்பார்கள். ராத்திரிக்குள் கொடுத்தும் விடுவார். மொழிபெயர்ப்பாளர், புகைப்படக்காரர், படம் வரைகிறவர், கணக்கு எழுதுகிறவர், கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிறவர் எல்லாருக்கும் இதே கதைதான். வேலை வாங்கும்போது இருக்கும் அவசரம் பணம் கொடுக்கும்போது இருப்பதில்லை.

இவர்கள் தொழிலாளி என்ற கணக்கில் வருவதில்லை. ஆகவே, குறித்த தேதியில் சம்பளம் கொடுக்க வேண்டும் என்னும் தொழிலாளர் சட்டங்களின் பாதுகாப்பு இவர்களுக்கு இல்லை. அதனால் சட்டமே துணைக்கு வராது என்று பலரும் நினைத்து விடுகிறார்கள். அது தவறு. சட்டம் இருக்கிறது. ஆனால் அது நாட்களை எண்ணும் சட்டம். தேதிகளைக் குறித்து வைத்திருக்கிறவருக்கு அது கை கொடுக்கும்; "கேட்டால் என்ன நினைப்பாரோ" என்று கூச்சப்பட்டு ஒத்திப் போடுகிறவருக்குக் கை கொடுக்காது.

மூன்று சாக்குகள்

பணம் தராதவர் சொல்லும் சாக்குகள் பெரும்பாலும் மூன்றுதான்.

முதலாவது: "மேலே இருந்து பணம் வரவில்லை, வந்ததும் தருகிறேன்." விளம்பரத் தொழிலில் இது அன்றாடம் கேட்கும் பேச்சு. கம்பெனி ஏஜென்சிக்குத் தர வேண்டும், ஏஜென்சி படத் தயாரிப்பாளருக்குத் தர வேண்டும், அவர் மொழிபெயர்ப்பாளருக்குத் தர வேண்டும். ஆனால் சட்டத்தில், வேலையை யார் கொடுத்தாரோ அவரே பணத்துக்குப் பொறுப்பு. மேலிடத்துப் பணம் வந்தால்தான் கொடுப்பேன் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டிருந்தால் ஒழிய, அது சாக்கே ஆகாது.

இரண்டாவது: "எழுத்தில் ஒப்பந்தம் இல்லையே?" 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சாகச் செய்த ஒப்பந்தமும் செல்லும். தொகையே பேசாமல் வேலை வாங்கியிருந்தாலும், இலவசம் என்ற எண்ணமில்லாமல் செய்து கொடுத்த வேலையின் பலனை அனுபவித்தவர் அதற்கு ஈடு தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 70-வது பிரிவு சொல்கிறது. நிரூபிப்பதுதான் கஷ்டம். "இரண்டு நாளில் தாருங்கள்" என்று வாட்ஸப்பில் வந்த ஒரு வரி, வேலையை அனுப்பிய ஈ-மெயில், முன்பு பணம் வந்ததைக் காட்டும் பாங்குக் கணக்கு எல்லாமே சாட்சியம்தான். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டம், உரிய சான்றிதழோடு தரும் மின்னணுப் பதிவுகளை ஏற்கிறது. ஆகவே பழைய செய்திகளை அழித்துவிடக் கூடாது. போனை மாற்றும்போதும் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும். கட்சிக்காரர் வருமான வரி பிடித்துக் கட்டியிருந்தால், அதுவும் வரித்துறைக் கணக்கில் நம் பெயரில் தெரியும். வேலையே கொடுக்கவில்லை என்று அவர் பிறகு சாதிப்பது எளிதல்ல.

மூன்றாவது: "வேலை சரியில்லை." இது பெரும்பாலும் பணம் கேட்ட பிறகுதான் கண்டுபிடிக்கப்படும்! அதற்குச் சட்டம் ஒரு கெடு வைத்திருக்கிறது.

பதினைந்தும் நாற்பத்தைந்தும்

2006-ம் ஆண்டில் மத்திய அரசு கொண்டுவந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் வளர்ச்சிச் சட்டம் என்றதும் பட்டறையும் மில்லும்தான் நினைவுக்கு வரும். சேவைத் தொழிலும் அதில் அடக்கம். வீட்டில் ஒரே ஒரு மேஜை போட்டு மொழிபெயர்க்கிறவரும், 'உத்யம்' என்ற பதிவைச் செய்துகொண்டால், சட்டத்தின் கண்ணில் ஒரு குறுந்தொழில்தான். இப்பதிவு முறை 2020 ஜூலை 1-ல் வந்தது. மத்திய அரசின் இணையதளத்தில் ஆதார் எண், பான் எண் கொண்டு செய்துகொள்ளலாம். கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தரகர்களிடம் ஏமாற வேண்டாம்.

இச்சட்டப்படி, கொடுத்த வேலையில் குறை இருந்தால் 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், கொடுத்த அன்றே ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். பணத்துக்குத் தேதி பேசியிருந்தால், அந்தத் தேதி 45 நாட்களைத் தாண்டக் கூடாது. 90 நாள் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தாலும் 45-தான் செல்லும். தேதியே பேசவில்லை என்றால், ஏற்றுக்கொண்டதிலிருந்து 15 நாட்களுக்குள் பணம் வந்தாக வேண்டும்.

கெடு தாண்டினால் வட்டி ஏறும். ரிசர்வ் பாங்கு அறிவிக்கும் 'பாங்க் ரேட்' என்னவோ அதைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதத்துக்கு மாதம் கூட்டு வட்டி. ஒரு கணக்குப் பார்ப்போம். பாக்கி 60,000 ரூபாய். பாங்க் ரேட் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வட்டி 18 சதவீதம். ஓராண்டு இழுத்தடித்தால் வட்டி மட்டும் சுமார் 11,700 ரூபாய் ஆகிவிடும்.

பெரிய கம்பெனிகளை இந்த வட்டியைவிட அதிகம் உறுத்துவது வேறொன்று. 2023-ம் ஆண்டு நிதிச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. குறு, சிறு தொழில்களுக்குத் தர வேண்டியதை இந்தக் கெடுவுக்குள் தராவிட்டால், பணம் கொடுக்கும் ஆண்டு வரை அதைச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே, பில்லின் தலைப்பிலேயே உத்யம் எண்ணை அச்சிட்டு அனுப்புவது நல்லது. வேலை கொடுத்த மேனேஜர் அதைப் பார்க்காமல் விடலாம். கணக்குப் பிரிவில் இருப்பவர் பார்ப்பார்.

பதிவை எப்போது செய்வது? பணம் நின்ற பிறகு அல்ல. பதிவுக்கு முந்தைய வேலைக்கு இச்சட்டம் உதவாது என்று சுப்ரீம் கோர்ட் 2021-லும் 2022-லும் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் அதே கோர்ட், இந்தக் கேள்வியைப் பெரிய பெஞ்சின் பரிசீலனைக்கு விட்டது. அந்தச் சர்ச்சை எப்படி முடிந்தாலும், வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பதிந்தவருக்குக் கவலை இல்லை.

வெளிமாநிலத்தாருக்கு ஒரு சலுகை

ஊர் விட்டு ஊர் வந்து பிழைப்பவர்களின் பெரிய தயக்கம், "பார்ட்டி சென்னையில் இருக்கிறார், அல்லது டில்லியில் இருக்கிறார், அங்கே போய் யார் அலைவது?" என்பதுதான். 2006-ம் ஆண்டுச் சட்டம் இதற்கு நல்ல வழி செய்திருக்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் வசதியாக்க மன்றம் என்று ஒன்று உண்டு. வேலை செய்தவர் எந்த மாநிலத்தில் தொழில் நடத்துகிறாரோ அந்த மாநில மன்றமே வழக்கை விசாரிக்கலாம். பணம் தர வேண்டியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும் சரி. மும்பையில் இருக்கும் தமிழர், சென்னைக் கம்பெனி மீது மகாராஷ்டிர மன்றத்திலேயே மனுப் போடலாம். மனுவை இணையதளம் வழியாகவே அனுப்பலாம்.

மன்றம் முதலில் சமரசம் செய்து பார்க்கும். முடியாவிட்டால் மத்தியஸ்தத் தீர்ப்பு வழங்கும். 90 நாட்களில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இந்தக் கெடு பல இடங்களில் காப்பாற்றப்படுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எனினும், தோற்ற கட்சி மேலே கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். வாய்தா வாங்கியே காலம் தள்ளலாம் என்ற எண்ணத்துக்கு இது ஒரு கடிவாளம்.

செக் கொடுத்து, அது பணமில்லாமல் திரும்பினால் வழி வேறு. செக் திரும்பியதாக பாங்கு தெரிவித்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் அவர் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் புகார் செய்ய வேண்டும். இரண்டு ஆண்டு வரை சிறை, செக் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். 2015-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, செக்கைக் கணக்கில் போட்டவரின் பாங்குக் கிளை இருக்கும் ஊரிலேயே இவ்வழக்கைத் தொடரலாம். நாட்கணக்கு தவறினால் மட்டும் ஆபத்து.

ஆறின கஞ்சி

உத்யம் பதிவும் இல்லை, செக்கும் இல்லை என்றால் சிவில் வழக்குதான். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் சுருக்க விசாரணை வழக்குப் போடலாம். அதில், எதிராளி தன் தரப்பைச் சொல்லவே கோர்ட்டின் அனுமதி பெற வேண்டும். பெண்களும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினரும், வருமானம் குறைந்தோரும் 1987-ம் ஆண்டு சட்டத்தின்படி அமைந்த சட்ட உதவி ஆணையத்தில் இலவச வக்கீல் கேட்கலாம்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். வழக்குப் போட, பொதுவாக வேலையை முடித்ததிலிருந்து மூன்று ஆண்டுதான் கெடு. நோட்டீஸ் அனுப்பினால் கெடு நீளும் என்று நினைப்பது தவறு. பத்து நோட்டீஸ் அனுப்பினாலும் நீளாது. "பாக்கி தர வேண்டியது உண்மை" என்று கெடுவுக்குள் அவர் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் புதிதாக மூன்று ஆண்டு தொடங்கும். ஆகவே, "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று வாயால் சொல்வதை நம்பிக் காத்திருப்பதைவிட, "அதை ஒரு வரி எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பதே புத்திசாலித்தனம். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பது இதற்குத்தான் பொருந்தும்.

செய்யக் கூடாதவை

கோபத்தில் போலீசுக்கு ஓடுவதில் பெரும்பாலும் பயன் இல்லை. பணம் தராதது மட்டும் மோசடிக் குற்றம் ஆகாது. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். கட்சிக்காரர் பெயரைப் போட்டு ஊரறியத் திட்டினால், பாக்கி வர வேண்டியவரே அவதூறு வழக்கில் மாட்டிக்கொள்ள நேரலாம். பாக்கியைவிடக் குறைந்த தொகையை வாங்கிக்கொண்டு "முழுவதும் பெற்றேன்" என்று கையெழுத்துப் போடவும் கூடாது. "பாக்கியில் ஒரு பகுதி" என்றே எழுத வேண்டும்.

எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் இன்னொரு பிடி உண்டு. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, சம்பள வேலையாக அல்லாமல் எழுதியதன் உரிமை எழுதியவருக்கே. எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் அது கைமாறும். பணம் வந்த பிறகே உரிமை மாறும் என்று முதலிலேயே எழுதிக்கொண்டால் பேரம் பேச இடமிருக்கும். ஆனால், பணம் பேசி எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் வரையச் சொன்ன ஓவியத்துக்கும், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே உரிமையாளர். புகைப்படக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

முன்பே செய்ய வேண்டியவை

வழக்கு என்பது கடைசி மருந்து. அதற்கு முன்பு நாலு காரியங்கள் உண்டு. முதலில், வேலை என்ன, தொகை என்ன, எந்தத் தேதிக்குள் பணம், எத்தனை முறை திருத்தித் தருவது என்று நாலே வரியில் ஈ-மெயில் அனுப்பி, "சரி" என்று ஒரு பதில் வாங்க வேண்டும். முன்பணம் வாங்காமல் பெரிய வேலையைத் தொடக் கூடாது. நீண்ட வேலையானால் பகுதி பகுதியாகக் கொடுத்து, பகுதி பகுதியாகவே பணம் வாங்க வேண்டும். கெடு தாண்டிய மறுநாளே மரியாதையாக ஒரு நினைவூட்டல், பத்து நாள் கழித்து இன்னொன்று, பிறகு விரைவுத் தபாலில் நோட்டீஸ் என்று வரிசையாகப் போக வேண்டும். பழைய பாக்கி தீராமல் அதே ஆளுக்குப் புது வேலை செய்து தருவதை நிறுத்திவிட வேண்டும்.

இதில் மிகவும் கடினமானது கடைசிக் காரியம்தான். பணம் தராதவர் பல சமயம் நம்மூர்க்காரராக, சங்கத்தில் கூட உட்காருகிறவராக, ஆரம்பத்தில் வேலை தேடித் தந்தவராகவே இருப்பார். அவரிடம் கணக்குப் பேசுவது நன்றிகெட்ட செயல் போலத் தோன்றும். உதவிக்கு நன்றி காட்ட வேண்டியதுதான். ஆனால் கூலியை விட்டுக்கொடுப்பது நன்றி ஆகாது. ஒருவர் விட்டுக்கொடுத்தால், அடுத்து வருகிற இளைஞனிடமும் அதே பேச்சுத்தான் பேசுவார்கள்: "முன்னால் செய்தவர் கேட்கவே இல்லையே!" ஆகவே கேட்க வேண்டும், தேதியோடு, எழுத்தில் கேட்க வேண்டும். உழைத்தவர் கேட்பது கடனும் அல்ல, தானமும் அல்ல.