பழம்பொருளும் ஜப்பானியச் சொல்லும்

ஒரு பொருளைக் காப்பதும் எறிவதும் பெரும்பாலும் நாம் அதற்கு இடும் பெயரைப் பொறுத்தவை. தோட்டத்து லயங்கள் இடிபடும்போது, 'பழைய சாமான்' என்ற ஒரே பெயரில் எல்லாம் இரும்புக் கடைக்குப் போய்விடுகின்றன. ஜப்பானியரோ இதற்குப் பல சொற்களைப் பகுத்து வைத்திருக்கின்றனர்.

மதிப்புள்ள பழம்பொருளை அவர்கள் 'கொத்தோஹின்' என்பர். 'ஹின்' என்றால் பொருள், சரக்கு. 'கொத்தோ' என்பதை எழுதும் இரண்டு எழுத்துகளில் முதலாவது எலும்பைக் குறிக்கும். அரிதாகக் கிடைப்பது 'சின்பின்'. அன்றாடம் கையாண்டு தேய்ந்த சாமானும் கருவியும் 'ஃபுருதோகு'. 'ஃபுரு' பழமை, 'தோகு' கருவி. ஒன்றுக்கும் உதவாதது 'கராகுத்தா'.

பெயர் மாறினால் பொருளின் கதியும் மாறும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1925இல் யனகி முனெயோஷி என்னும் அறிஞரும் குயவர்களான அவருடைய நண்பர் இருவரும் 'மிங்கெய்' என்ற சொல்லை ஆக்கினர். 'மக்கள் கைவினை' என்பது அதன் கருத்து. பெயரறியாத தொழிலாளர் வனைந்த கிண்ணமும் முடைந்த கூடையும் அழகுடையனவே என்று அவர்கள் வாதிட்டனர். 1936இல் இவற்றுக்கென்றே தோக்கியோவில் ஒரு காட்சியகம் திறக்கப்பட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். கலும்பாங் வட்டாரத்தில் எங்கள் பள்ளியில் ஒருமுறை பழம்பொருட் கண்காட்சி வைத்தோம். பால்வெட்டுக் கத்தியும் மங்கும் வாளியும் வந்தன, எல்லாம் ஃபுருதோகு. ஒரு மாணவி மட்டும் வாழைமரம் பொறித்த பத்து வெள்ளித் தாளைக் கொண்டுவந்தாள். அவளுடைய தாத்தாவின் தகப்பனார் சயாம் ரயில் பாதைக்குப் போகையில் மனைவியிடம் கொடுத்தது அது. அவர் திரும்பவில்லை.

"ஐயா, இது என்ன விலை போகும்?" என்று கேட்டாள்.

அத்தகைய தாளை ஜப்பானியர் 'குன்ப்யோ', அதாவது இராணுவச் சீட்டு, என்பர். 1942 முதல் மலாயாவில் அவற்றை அளவின்றி அச்சிட்டுக் குவித்தனர். விலைவாசி ஏறியது, தாளின் மதிப்பு சரிந்தது. 1945இல் பிரிட்டிஷார் திரும்பியதும் அவை செல்லாக் காசாயின. ஏராளமாக அச்சானதால் இன்றும் சாதாரணத் தாள்களுக்குப் பெரிய விலை இல்லை. ஆகவே அது சின்பின் அன்று.

ஆயினும் அதற்கு வேறொரு பெயர் உண்டு. மறைந்தவர் விட்டுச்சென்ற பொருளை ஜப்பானியர் 'கதமி' என்பர். உருவம், காணல் என்னும் இரண்டு எழுத்துகளால் அச்சொல்லை எழுதுவர். போனவரின் உருவை எதில் காண்கிறோமோ அதுவே கதமி. தாளை அச்சிட்டவர் மொழியிலேயே அதற்குரிய சொல் கிடைத்தது வியப்பே!

"இது விற்பனைக்கு உரியதன்று, அம்மா" என்றேன். பின்னர் ஓர் அட்டையில் அவர் பெயர், தோட்டம், புறப்பட்ட ஆண்டு ஆகியவற்றை அவள் பாட்டியிடம் கேட்டு எழுதச் செய்தேன்.

நம் வீட்டுப் பழம்பொருள்களுக்கும் இதையே செய்யலாம். யாருடையது, எங்கே, எப்போது என மூன்று வரி போதும். அவ்வரிகள் இல்லையேல் கதமியும் ஒருநாள் கராகுத்தா ஆகிவிடும்.