பாகுபாடும் பெண்களின் உடல்நலமும்

மும்பையில் மாஹிம் கழியை அடுத்த தாராவிக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தமிழர் பலர் பல தலைமுறைகளுக்கு முன்பே குடிபெயர்ந்தனர். அவர்களுள் கணிசமானோர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். தோல் பதனிடும் தொழிலை நம்பி வந்தோரும் உண்டு. ஊரில் சாதி அவர்களை ஒதுக்கியது. நகரிலோ, 1966இல் சிவசேனை தோன்றியபின், தென்னிந்தியர் என்பதே குறையாயிற்று. 2020இல் கொரோனா பரவியபோது தாராவி என்னும் முகவரியே பிறரை விலகி நிற்கச் செய்தது. இவ்வாறு தொடரும் அவமதிப்பு மனத்தை வருத்துவதோடு நின்றுவிடுகிறதா?

நிற்பதில்லை என்பதே மருத்துவ ஆய்வு தரும் விடை. அச்சமோ அவமானமோ நேரும்போது உடலில் கார்டிசால் முதலிய சுரப்புகள் மிகுகின்றன. நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன. இடர் நீங்கியதும் இவை தணிவது இயல்பு. நாள்தோறும் இடர் நேருமாயின் தணிய இடமேது? இந்நிலை உடலை வயதுக்கு முன்பே தேய்க்கிறது என்னும் கருத்தை அமெரிக்க அறிஞர் ஆர்லின் ஜெரோனிமஸ் 1992இல் விளக்கினார். இதற்கு வலுவூட்டிய ஆய்வொன்று 1997இல் இல்லினாய் மாநிலத்திலிருந்து வெளிவந்தது. அமெரிக்காவிற் பிறந்த கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகள் சராசரி 3,089 கிராம் எடையிருந்தன. ஆப்பிரிக்காவிற் பிறந்து அங்குக் குடியேறிய கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகளோ 3,333 கிராம். வெள்ளையர் குழந்தைகள் 3,446 கிராம். குறை பிறப்பில் இல்லை, வாழ்ந்த சூழலில் உள்ளது என்று கருத இது இடந்தருகிறது.

நம் நாட்டில் இனத்தின் இடத்தைப் பெருமளவு சாதி வகிக்கிறது. பட்டியல் சாதிப் பெண்கள் இறக்கும் சராசரி வயது 39.5 என்றும், உயர்சாதிப் பெண்களுக்கு அது 54.1 என்றும் ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018இல் சுட்டியது. குடிநீர், கழிப்பிட வசதி ஆகியவற்றின் வேறுபாட்டைக் கணக்கிற் கொண்ட பின்னும் இடைவெளி முற்றிலும் மறையவில்லை.

பாகுபாடு உடலைத் தாக்கும் வழி மற்றொன்றும் உண்டு; நிர்வாகத்தினர் கருதவேண்டியது இதுவே. பேறுகால அறைகளில் ஏழைப் பெண்கள் ஏச்சுக்கு ஆளாவது இந்திய ஆய்வுகள் பலவற்றிற் பதிவாகியுள்ளது. ஒருமுறை இழிவுபட்டவள் மறுமுறை வலி முற்றும்வரை வீட்டிலேயே இருந்துவிடுவாள். தாராவிக்கு அருகிலேயே, சயானில், பெரிய நகராட்சி மருத்துவமனை உள்ளது. ஆயினும் அருகிலிருப்பது வேறு, அணுக முடிவது வேறு. மராத்தியோ இந்தியோ பேச வராதவளுக்கு இத்தயக்கம் இரட்டிப்பாகும்.

2017இல் மத்திய அரசு தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டம், மரியாதையுடன் கூடிய மகப்பேற்றுப் பராமரிப்பைத் தரஅளவுகளுள் ஒன்றாக்கியது. பிரசவத்தின்போது துணைப் பெண்ணொருத்தி உடனிருக்கவும் அது இடமளிக்கிறது. அத்துணை தாயின் மொழி அறிந்தவளாயின், வலியையும் ஐயத்தையும் மருத்துவரிடம் எடுத்துச் சொல்ல ஓர் ஆளும் கிடைத்துவிடுகிறது.