செல்ல நாய்க்கு விடைகொடுக்க இடம் தேடும் தலைநகரம்

புது தில்லி: வீடுகளில் வளர்க்கப்படும் நாய்களைப் பதிவு செய்யுமாறு பணிக்கும் அதிகாரத்தை 1957-ஆம் ஆண்டின் தில்லி மாநகராட்சிச் சட்டம் வழங்கியது. ஆனால், இறந்த செல்லப் பிராணிகளை எரியூட்டுவதற்கென மாநகராட்சி தனது முதல் மையத்தைத் திறந்தது 2024-இல்தான். இடைப்பட்ட 67 ஆண்டுகளில் தலைநகரின் வீடுகளில் எத்தனையோ நாய்கள் வளர்ந்து, முதிர்ந்து, மறைந்தன. அவற்றை எங்கே அடக்கம் செய்வது என்ற கேள்விக்கு ஒவ்வொரு குடும்பமும் தானே விடை தேட வேண்டியிருந்தது.

வட இந்திய நடுத்தரக் குடும்பங்களில் பல ஆண்டுகளாகச் செல்வாக்குடன் இருந்து வருவது, 'பொமரேனியன்' என்று பொதுவாக அழைக்கப்படும் வெள்ளை நிறச் சிறு நாய். அவற்றில் பல உண்மையில் 'இந்தியன் ஸ்பிட்ஸ்' இனத்தவை. 1994-இல் வெளியான 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' திரைப்படத்தின் 'டஃபி' இந்த இனத்துக்கு மேலும் புகழ் சேர்த்தது.

உருவில் சிறியதாயினும் வீட்டின் அதிகாரம் முழுவதும் தன்னிடமே இருப்பதுபோல் நடந்துகொள்ளும் நாய் இது. அழைப்பு மணி ஒலிக்கும் முன்பே வாசலில் நிற்கும். தன்னைவிடப் பன்மடங்கு பெரிய தெருநாயையும் மாடியில் நின்றபடியே அதட்டும். பெரும்பாலும் பன்னிரண்டு முதல் பதினான்கு ஆண்டுகள் வரை வாழும். பள்ளி செல்லும் பிள்ளையின் பிடிவாதத்தால் வாங்கப்பட்ட குட்டி, அந்தப் பிள்ளை படிப்பு முடிந்து வெளியூருக்கு வேலைக்குப் புறப்படும் காலத்தில் முதுமை எய்திவிடுகிறது. ஆகவே, இறுதி விடை கொடுக்கும் பொறுப்பு வீட்டில் தனித்து எஞ்சியுள்ள பெற்றோரையே பல நேரங்களில் சேர்கிறது.

அந்த விடை எளிதானதும் அன்று. இதய வால்வு தளர்வதும் சிறுநீரகம் செயலிழப்பதும் முதிய நாய்களிடம் பரவலாகக் காணப்படும் நோய்கள். குணப்படுத்த வழியில்லை என்ற நிலையில், முதலில் மயக்க மருந்தும் பின்னர் உயிரை அடக்கும் ஊசியும் செலுத்துவதற்குக் குடும்பத்தினரின் சம்மதத்தை மருத்துவர் கேட்கிறார். முன்கூட்டியே சம்மதித்துவிட்டோமா, தாமதித்து வேதனையை நீட்டித்துவிட்டோமா என்ற கேள்வி நெடுநாள் மனதை அரிக்கிறது. இத்துயருக்கென அரசு ஊழியர்களின் விடுப்பு விதிகளில் தனி இடம் ஏதுமில்லை.

மண் இல்லாத வீடுகள்

சரோஜினி நகர், நேதாஜி நகர் போன்ற பழைய அரசு ஊழியர் குடியிருப்புகளின் தரைத்தள வீடுகளில் சிறு தோட்டம் இருந்தது. மத்திய அரசுப் பணிக்காகத் தலைநகர் வந்த தமிழ்க் குடும்பங்களும் நன்கறிந்த வீடுகள் அவை. இறந்த நாயை அங்கு ஒரு வேப்ப மரத்தடியில் புதைக்க முடிந்தது. இத்தகைய ஏழு குடியிருப்புகளை மறுநிர்மாணம் செய்ய 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிறகு, தாழ்வான வீடுகள் இருந்த இடங்களில் அடுக்குமாடிகள் எழுந்தன. அடுக்குமாடியில் வசிப்பவருக்குச் சொந்தமாக ஒரு முழம் மண்ணும் இல்லை. பூங்காவின் மூலையில் இருட்டிய பின் குழி தோண்டுவது, தனியார் இடுகாட்டை நாடுவது, அதுவும் இயலாவிடில் துப்புரவு வண்டியில் ஏற்றி அனுப்புவது ஆகியவையே அவர்களுக்கு எஞ்சும் வழிகள்.

ரூபாயில் அளந்த சட்டம்

சட்டமும் நாயை நெடுங்காலம் உடைமையாகவே கண்டது. ஒரு பிராணியைக் கொல்வது குற்றமாக, அதன் மதிப்பு குறைந்தது பத்து ரூபாயாக இருக்க வேண்டும் என்றது இந்திய தண்டனைச் சட்டத்தின் 428-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் இந்த ரூபாய்க் கணக்கு கைவிடப்பட்டது.

அரசுப் பணியாற்றிய நாய்களுக்கு உரிய மரியாதை கிடைத்ததுண்டு. 1993 மும்பை குண்டுவெடிப்புகளின்போது வெடிபொருள்களைக் கண்டுபிடித்த காவல்துறை நாய் 'ஜஞ்சீர்', 2000-இல் புற்றுநோயால் மறைந்தபோது அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது. வீட்டு நாய்க்கு அத்தகைய மரியாதையை எவரும் கேட்கவில்லை. நாகரிகமான ஓர் இறுதி இடத்தை மட்டுமே கேட்கின்றனர்.

தில்லி துவாரகா 29-ஆவது செக்டாரில் திறக்கப்பட்ட மையத்தில் எரிவாயுவால் இயங்கும் உலைகள் அமைக்கப்பட்டுள்ளன. 30 கிலோ வரை எடையுள்ள பிராணிக்கு ரூ. 2,000, அதற்கு மேற்பட்டவற்றுக்கு ரூ. 3,000 எனத் தொடக்கத்தில் கட்டணம் நிர்ணயிக்கப்பட்டது. மும்பை மாநகராட்சியோ, 2023-இல் மலாடில் தொடங்கிய மையத்தில் இச்சேவையைக் கட்டணமின்றி அளிக்க முன்வந்தது.

துவாரகா இருப்பது தலைநகரின் தென்மேற்குக் கோடியில். யமுனையின் கிழக்குக் கரையிலுள்ள ஷாதராவில் வசிப்பவர், இறந்த நாயின் உடலுடன் நகரம் முழுவதையும் கடந்தாக வேண்டும். சொந்த வாகனம் உள்ளவருக்கு இது அலைச்சல். ஒற்றை அறையில் நாய் வளர்க்கும் கூலித் தொழிலாளிக்கோ இயலாத காரியம். தில்லி மாநகராட்சிக்கு 12 மண்டலங்கள் உள்ளன. மண்டலத்துக்கு ஒரு சிறிய மையம் அமைப்பது பெருஞ்செலவு பிடிக்கும் திட்டமன்று. உயிருடன் இருக்கும்போது நாயைப் பதிவேட்டில் சேர்த்துக் கட்டணம் பெறும் நிர்வாகம், அதன் இறப்புக்குப் பின்னரும் அந்தக் குடும்பத்துக்குக் கடமைப்பட்டதே.