உவர்ச் சதுப்பு

கோடியக்கரையிலிருந்து மேற்கே முத்துப்பேட்டை நோக்கி, பாக் நீரிணையை ஒட்டி நீண்டு கிடக்கிறது வேதாரண்யம் உவர்ச் சதுப்பு. கோடையில் வெடித்த சேறும் அதன்மேல் பூத்த உப்புமே கண்ணுக்குத் தெரியும். பாழ்நிலம் என்று இதனைக் கடந்து செல்வோர் பலர். வடகிழக்குப் பருவமழை பெய்ததும் நிலத்தின் தோற்றம் மாறிவிடும்.

உப்பைத் தாங்குவதே இங்கு வாழ்வின் முதல் நிபந்தனை. உமரிச்செடி தன் சதைப்பற்றான இலைகளில் உப்புநீரைத் தேக்கிக்கொள்ளும். அலையாத்தி மரமோ இலைவழியே உப்பைக் கசியவிடும். அவ்விலையை நாவில் வைத்தால் கரிக்கும்.

மழைக்குப் பின் பூநாரைகள் வந்திறங்கும். அவை வளைந்த அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, நீரை அரித்துப் பாசியையும் நுண்ணிய இறாலினங்களையும் உண்ணும். இறகின் செம்மை அவ்வுணவிலுள்ள நிறமியால் வருவது. வடதுருவத் தூந்திரத்தில் பிறந்த கொசு உள்ளானும் இச்சேற்றை நாடி வரும். கைப்பிடிக்குள் அடங்கும் பறவை அது!

2002இல் இப்பகுதி ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. எனினும் சதுப்பின் ஒரு பகுதி உப்பளமாகிவிட்டது. பாத்திகளில் உவர்ப்பு ஓரளவு ஏறும்வரை பறவைகள் அங்கும் இரைதேடும். அது மிகும்போது மீனும் புழுவும் மடிய, அவை விலகிச் செல்லும். மழைநீர் கொணரும் வாய்க்கால்கள் தூர்ந்தாலும் இதே நிலைதான்.