பார்க்க வருகிறார்களா, பழக வருகிறார்களா?

மழைக்காலம் ஓய்ந்ததும் தாராவித் தெருக்களில் ஒரே நிறச் சட்டை அணிந்த வெளிநாட்டு மாணவர் குழுக்களைப் பார்க்கலாம். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். முன்னால் ஓர் ஆசிரியர், பின்னால் ஓர் ஆசிரியர், நடுவில் நம்மூர் வழிகாட்டி. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, சிங்கப்பூர் என்று பல நாடுகளிலிருந்து வருகிறார்கள். இரண்டு வாரப் பயணத்தில் சில நாள் தொண்டு, சில நாள் பண்பாட்டு அறிமுகம், மாலையில் சமூக நீதி பற்றிய கலந்துரையாடல், கடைசியில் தாஜ்மகால். பெரும்பாலும் இதுதான் திட்டம்.

மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடந்த சில ஆண்டுகளாக இக்குழுக்களுக்கு மொழிபெயர்ப்பாளனாக உடன் செல்கிறேன். நம் உறுப்பினர்கள் சிலர் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். மும்பையின் பன்னாட்டுப் பள்ளிகளில் படிக்கும் பேரப்பிள்ளைகளைக் கம்போடியாவுக்கும் வியட்நாமுக்கும் இதே போன்ற பயணத்துக்கு அழைக்கிறார்களாம். “பணம் கட்டலாமா, சார்?” என்பது கேள்வி. அதற்கு ஒரே வரியில் விடை சொல்ல முடியாது என்பதால்தான் இக்கட்டுரை.

எங்கிருந்து வந்தது இந்த வழக்கம்?

முதல் உலகப் போர் முடிந்தபின், 1920-இல், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் செரெசோல் என்பவர் பல நாட்டு இளைஞர்களைத் திரட்டி, போரில் சிதைந்த பிரெஞ்சுக் கிராமம் ஒன்றைச் சீரமைக்கச் சென்றார். பகை நாட்டவராக இருந்தவர்கள் ஒன்றாக மண்வெட்டி பிடித்தார்கள். இதே செரெசோல் 1934-இல் பீகார் நிலநடுக்கத்துக்குப் பின் இந்தியாவுக்கு வந்து, கிராமங்களை மீண்டும் எழுப்பும் பணியில் கைகொடுத்தார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

1958-இல் இங்கிலாந்தில் அலெக் டிக்சன் தொடங்கிய வி.எஸ்.ஓ. அமைப்பு, முதலில் பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்களைத்தான் வெளிநாடுகளுக்கு அனுப்பியது. பின்னர் அதுவே பயிற்சி பெற்ற தொழில் வல்லுநர்களை அனுப்பும் அமைப்பாக மாறிவிட்டது. இந்த மாற்றத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் அமைதிப் படை 1961-இல் பிறந்தது. ஐ.பி. பாடத்திட்டத்தில் படைப்பு, உடற்செயல், தொண்டு என்ற மூன்றும் பட்டயத்துக்குக் கட்டாயம். பள்ளிகள் குழுக் குழுவாகக் கிளம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதிர்க்குரலும் பழையதே. 1968 ஏப்ரலில் மெக்சிகோவின் குவர்னவாகா நகரில், அங்கே தொண்டு செய்ய வந்த அமெரிக்க மாணவர்களிடையே இவான் இல்லிச் என்ற அறிஞர் பேசினார். ஊரைப் பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்கிறோம் என்று மட்டும் வராதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்தப் பேச்சு இன்னும் விவாதிக்கப்படுகிறது.

தொண்டு: யாருக்கு?

ஒருமுறை ஒரு குழு பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிக்க வந்தது. அதே சுவருக்கு இரண்டு மாதங்களுக்கு முன்தான் வேறொரு குழு வண்ணம் அடித்திருந்தது. பிள்ளைகள் உற்சாகமாக அடித்தார்கள். சுவரோடு தரையும் நீலமாயிற்று. அருகில் நின்ற நம் கோவில்பட்டிக்காரர் ஒருவர், இருபது ஆண்டுகளாகப் பெயிண்டர் வேலை செய்பவர், என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “வாத்தியாரய்யா, நாளைக்கு இதைச் சரி பண்ண என்னையத்தான் கூப்பிடுவாக. ஆனா பெயிண்டுக்கு வந்த காசெல்லாம் இன்னைக்கே தீர்ந்து போச்சே!”

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் விஷயம் சிரிப்புக்குரியதன்று. பயிற்சியற்ற கைகள் செய்யும் வேலை பயிற்சி பெற்ற கைகளின் கூலியைப் பறிக்கக் கூடாது. வி.எஸ்.ஓ. தன் வழியை மாற்றிக்கொண்டதை எண்ணிப் பாருங்கள்.

சுவர் விஷயமாவது பெயிண்டோடு போயிற்று. குழந்தைகள் விஷயம் அப்படியல்ல. கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் குழந்தைகள் இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு பெருகியது. அங்கிருந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருந்தார். அப்படியானால் ‘அநாதை’ இல்லங்கள் ஏன் பெருகின? குழந்தைகளைப் பார்க்கவும் கொஞ்சவும் வெளிநாட்டார் வந்தார்கள். வந்தவர்கள் பணம் கொடுத்தார்கள். படிப்பும் சோறும் கிடைக்கும் என்று ஏழைப் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பினார்கள். அன்பு தேடி வந்தவர்களின் வருகையே குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்தது.

இதனால்தான் 2017-இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு, நவீன அடிமை முறை பற்றிய தன் ஆய்வில் இத்தகைய இல்லங்களையும் சேர்த்துக்கொண்டது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் அநாதை இல்லத் தொண்டின் தீமையைக் குறிப்பிட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. ஒரு வாரம் ‘அக்கா, அண்ணா’ என்று கட்டிக்கொண்ட குழந்தையை விட்டு எட்டாம் நாள் விமானம் ஏறிவிடுகிறார்கள். ஒன்பதாம் நாள் வேறொரு குழு வருகிறது. பிரிவதற்கென்றே பழகும் அன்பு எந்தக் குழந்தைக்கும் நல்லதன்று.

பண்பாடு: வேடிக்கையா, வாழ்க்கையா?

திலகமிட்டு, மாலை போட்டு, ஒரு நடனம் ஆடிக் காட்டினால் பண்பாட்டு அறிமுகம் முடிந்தது என்று நினைப்போர் உண்டு. தாராவியில் அதற்கு மேல் ஏராளமாக இருக்கிறது. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் கும்பார்வாடா, தோல் பட்டறைகள், பிளாஸ்டிக்கைப் பிரித்து மறுபடி பொருளாக்கும் பதின்மூன்றாம் காம்பவுண்ட், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் இட்லி அடுப்புகள் எல்லாம் ஏறத்தாழ இரண்டு சதுர கிலோமீட்டருக்குள் அடக்கம். ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படம் 2008-இல் வந்த பிறகு வேடிக்கை பார்ப்போர் கூட்டம் இன்னும் பெருகியது. ஆனால் 2005-இல் தொடங்கிய ரியாலிட்டி டூர்ஸ் போன்றவர்கள், உள்ளே படம் எடுக்கக் கூடாது என்ற விதியை வைத்தார்கள். அது நல்ல விதி. பல் துலக்கும்போது யாராவது நம்மைப் படம் எடுத்தால் நாம் பொறுப்போமா?

நான் கண்டதில் மனத்தில் நின்றது ஓர் இட்லி அடுப்படி. விடியற்காலை நான்கு மணிக்கு நான்கு மாணவிகளை அங்கே அழைத்துப் போனேன். “நாங்கள் உதவலாமா?” என்று கேட்டார்கள். அடுப்புக்காரப் பொன்னம்மா அக்கா அவர்களை அடுப்பருகே விடவில்லை. இட்லித் துணிகளை அலசிப் பிழியும் வேலையைக் கொடுத்தார். பிறகு அவரே கேள்வி கேட்கத் தொடங்கினார். “உங்க ஊர்ல வீட்டு வேலை யாரு செய்வா? உங்கம்மா எத்தனை மணிக்கு எந்திப்பா?” மொழிபெயர்த்தேன். ஒரு பெண் பதில் சொல்லத் தயங்கினாள். தன் தாய் இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்பவர் என்று பிறகு சொன்னாள். அக்கா அவளுக்கு மட்டும் கூடுதலாக இரண்டு இட்லி வைத்தார்.

அன்று யாரும் யாருக்கும் தானம் செய்யவில்லை. கேள்வி கேட்கும் உரிமை இரு பக்கமும் இருந்தது. பழகுவது என்றால் அதுதான்.

நீதி: குழாயில் தொடங்குகிறது

ஒரு மாணவன் கேட்டான்: “இவர்கள் ஏன் இவ்வளவு குடங்களில் தண்ணீர் பிடித்து வைக்கிறார்கள்?” குழாயில் சில மணி நேரமே தண்ணீர் வரும் என்றேன். “நாங்கள் ஒரு தொட்டி வாங்கித் தரட்டுமா?” என்றான். நல்ல மனம்தான். ஆனால் தொட்டி வாங்கித் தருவது தொண்டு. தண்ணீர் ஏன் வருவதில்லை என்று கேட்பதுதான் நீதியின் தொடக்கம்.

மும்பையில் 2000-ஆம் ஆண்டுக்குப் பின் எழுந்த குடிசைகளுக்குத் தண்ணீர் இணைப்பு மறுக்கப்பட்டு வந்தது. பாணி ஹக் சமிதி என்ற மக்கள் அமைப்பு வழக்குத் தொடர்ந்தது. 2014 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம், தண்ணீர் பெறுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையைச் சேர்ந்தது, குடியிருப்பு சட்டவிரோதமானது என்பதற்காக அதை மறுக்க முடியாது என்று கூறியது. இந்தக் கதையைச் சொன்னபோது அந்த மாணவன் குறிப்பேட்டை எடுத்தான். ஏழைகள் கையேந்துபவர்கள் மட்டுமல்லர், வழக்காடி வென்றவர்கள் என்பது அவனுக்குப் புதிது.

பெற்றோர் கேட்க வேண்டியவை

பயணத்துக்குப் பணம் கட்டுமுன் பள்ளியிடம் இவற்றைக் கேளுங்கள்:

1. கட்டணத்தில் எவ்வளவு அந்த ஊர் மக்களுக்குப் போய்ச் சேருகிறது? கணக்கு எழுத்தில் தருவார்களா?

2. செய்யப்போகும் வேலையைக் கேட்டவர்கள் யார்? ஊர் கேட்டதா, பயண நிறுவனம் ஏற்பாடு செய்ததா? உள்ளூர்த் தொழிலாளி செய்யக்கூடிய வேலையா?

3. குழந்தைகள் இல்லத்துக்குப் போவதாகத் திட்டம் உண்டா? இருந்தால், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

4. படம் எடுப்பதற்கு என்ன விதி? நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடை செய்கிறது. பிற நாட்டுக் குழந்தைகளுக்கும் அதே மரியாதை வேண்டும்.

5. போகுமுன் அந்த நாட்டு மொழியில் நாலு வார்த்தையாவது, வரலாற்றில் நாலு பக்கமாவது கற்பிக்கிறார்களா? திரும்பி வந்தபின் என்ன செய்யப் போகிறார்கள்?

கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியமானது. கம்போடியாவில் ஏழ்மையைக் கண்டு கண்ணீர் விட்ட பிள்ளை, தன் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணின் பெயரை அறியாமல் இருந்தால் அந்தப் பயணம் பலித்ததாகக் கொள்ள முடியாது.

ஆகவே, “அனுப்பலாமா?” என்று கேட்ட நண்பர்களுக்கு என் விடை இதுதான். கேள்விகளுக்கு நேரான பதில் கிடைத்தால் அனுப்புங்கள். உதவப் போகிறோம் என்ற எண்ணத்தைக் கொஞ்சம் குறைத்து, கற்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு அனுப்புங்கள். பதில் கிடைக்காவிட்டால், வருகிற ஞாயிற்றுக்கிழமை பேரனையோ பேத்தியையோ தாராவிக்கு அழைத்து வாருங்கள். விமானச் சீட்டு வேண்டாம், மின்ரயில் சீட்டு போதும். சயான் ஸ்டேஷனில் இறங்குங்கள். நான் உடன் வருகிறேன். நம் மக்கள் எப்படி வந்தார்கள், எதை உண்டாக்கினார்கள், எதற்காக இன்னும் போராடுகிறார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்கலாம்.