பெயர் எழுதாத முகம்

எனாமல் குவளையில் டீ குடித்தவர்களுக்கு இந்தச் சரக்கு தெரிந்ததுதான். கண்ணாடிப் பொடியை உலோகத்தின் மேல் பூசி, சூளையில் உருக்கிப் படிய வைப்பது. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் அதன் மேல்தான் கட்டைவிரல் நீளத்துக்கு முகங்களை வரைந்தார்கள். அதில் பெரும் பெயர் எடுத்தவர் கிறிஸ்டியன் ஃப்ரீட்ரிக் ஜிங்க்கே. ட்ரெஸ்டனில் பிறந்து 1706இல் லண்டன் வந்தவர். அவர் வரைந்த பலர் இன்று அருங்காட்சியகங்களில் பெயர் தெரியாத வெறும் ‘கனவான்’தான்.

முதலில் ஒரு செப்புத் தகடு, நடுவில் லேசாக மேடு தட்டியது. முன்பக்கம் வெள்ளை எனாமல் பூசுவார்கள். பின்பக்கமும் பூசியாக வேண்டும். ஒரு பக்கத்தோடு விட்டால், ஆறும்போது செம்பு ஓர் அளவும் கண்ணாடி வேறோர் அளவும் சுருங்கி, தகடு கோணிப் பூச்சு தெறித்துவிடும். பிறகு நிறப்பொடிகளை எண்ணெயில் குழைத்துத் தீட்டுவார்கள். நீலத்துக்குக் கோபால்ட், ரோஜா நிறத்துக்குத் தங்கம். அதிகச் சூடு தாங்கும் நிறங்கள் முதலில் சூளைக்குப் போகும், சீக்கிரம் இளகுபவை பிறகு. தீட்டும் நிறம் வேறு, வெந்து வரும் நிறம் வேறு என்பதால் ஓவியர் வெந்த நிறத்தை மனதில் வைத்தே தூரிகையைத் தொட வேண்டும். ஜிங்க்கே வரைந்த கன்னத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள்: பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள். கடைசிச் சூட்டில் விரிசல் விட்டால் அத்தனை நாள் உழைப்பும் போச்சு.

இவ்வளவு பாடு எதற்கு? தந்தத் தகட்டில் நீர்வண்ணத்தால் வரைந்த முகம் வெளிச்சம் பட்டால் வெளுக்கும். எனாமல் வெளுக்காது. அப்படி ஒரு கனவானின் நீலக் கோட்டு சூளையிலிருந்து வந்த அன்றைய நீலத்திலேயே இருக்கிறது.

பெயர்தான் தங்கவில்லை. வீட்டில் எல்லாரும் அறிந்த முகத்துக்குப் பெயர் எழுத யாருக்குத் தோன்றும்? பேரப்பிள்ளைகள் காலத்தில் சட்டகம் மாறும், பிறகு விற்பனைக்கும் போகும். சிலவற்றின் பின்பக்க எனாமலில் ஓவியரின் கையெழுத்து சுட்டபடியே நிற்கிறது. பக்கத்திலேயே வரையப்பட்டவரின் பெயரையும் சுட்டிருக்கலாமே என்று எனக்கு ஆதங்கம்.

விக்கையும் கோட்டையும் வைத்துக் காலத்தை ஓரளவு கணிக்கலாம். ஆளைக் கண்டுபிடிக்க, பெயர் தெரிந்த வேறு ஓவியங்களோடு முகத்தை ஒப்பிட வேண்டும். ஆனால் முகத்தையும் முழுதாக நம்ப முடியாது. அரசரை இளமையாக வரையும்படி ராணி கரோலின் ஜிங்க்கேயிடம் சொன்னதாக, அதே காலத்தவரான ஜார்ஜ் வெர்ச்சு குறித்து வைத்திருக்கிறார். காசு கொடுத்த கனவான்களும் அதைத்தானே கேட்டிருப்பார்கள்.