தோட்டத்தில் கட்டிவிட்டீர்களா? அனுமதிக்கு வழி உண்டு

சென்னையைச் சுற்றியுள்ள சிறு விவசாயிகள் பலர் மாட்டுக்கொட்டகை, மோட்டார் அறை, உர அறை ஆகியவற்றை அனுமதி பெறாமலே கட்டியிருக்கிறார்கள். "நம் நிலத்தில் கட்ட யாரைக் கேட்க வேண்டும்?" என்று கேட்பவர்களும் உண்டு.

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரத் திட்டப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டங்களின் கிராமங்கள் பல இதில் சேர்ந்துள்ளன. மயிலாப்பூரிலும் அடையாறிலும் வீட்டுத் தோட்டத்தில் அறை கட்டுகிறவருக்கு உள்ள அதே 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம்தான் இக்கிராமங்களுக்கும் பொருந்தும்.

விலக்கு எதற்கு?

நிலத்தையும் அதைச் சேர்ந்த கட்டடத்தையும் விவசாயத்துக்குப் பயன்படுத்துவதற்கு இச்சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் பயன்படுத்துவது வேறு, புதிதாகக் கட்டுவது வேறு. கட்டுவதற்கும் இந்த விலக்கு உண்டு என்று எண்ணி ஏமாந்துவிடக் கூடாது.

பணம் கட்டினால் போதுமா?

விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த 113-ஏ பிரிவு 1998இல் சேர்க்கப்பட்டது. 1999 பிப்ரவரி 28க்கு முன் கட்டியவற்றுக்கு மட்டுமே அது செல்லும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. 2012இல் வந்த 113-சி பிரிவும் 2007 ஜூலை 1 வரை கட்டியவற்றுக்குத்தான். தியாகராய நகர் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் விதிமீறிய பெரிய கடைகளுக்கே 2011 அக்டோபர் 31 அன்று சீல் வைத்தார்கள். ஆகவே "பிறகு அபராதம் கட்டிக்கொள்ளலாம்" என்று கட்டடம் எழுப்புவது கைப்பணத்தை மண்ணில் போடுவதாகும்.

நோட்டீசு வந்தால்

அகற்றச் சொல்லி 56ஆம் பிரிவின்கீழ் நோட்டீசு வந்தால் பயந்து ஒதுங்கிவிட வேண்டாம். அதில் குறித்த கெடுவுக்குள், கட்டடத்தை அப்படியே வைத்துக்கொள்ள அனுமதி கோரி 49ஆம் பிரிவின்கீழ் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் முடிவாகும்வரை நோட்டீசு செயல்படாது. கட்டடம் விதிகளுக்கு உட்பட்டிருந்தால் அனுமதி கிடைக்க வாய்ப்பு உண்டு. மறுத்துவிட்டால் நோட்டீசு மீண்டும் உயிர்பெறும். கெடு தவறினால் இந்த வாய்ப்பு கைநழுவிவிடும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. பட்டா, சிட்டா, அடங்கல், புலப்பட நகல் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். பட்டா இறந்துபோன தகப்பனார் பெயரில் இருந்தால் முதலில் பெயர் மாற்றுங்கள்.

2. கட்டடத்தின் நீள அகலம், உயரம், நான்கு எல்லைகளிலிருந்தும் உள்ள தூரம், பாதையின் அகலம் ஆகியவற்றை அளந்து வரைபடம் தயாரியுங்கள். அருகில் ஏரி, ஓடை, வாய்க்கால் இருந்தால் மறைக்காமல் குறியுங்கள். நீர்நிலைப் புறம்போக்கில் கட்டியதற்கு அனுமதி கிடைக்காது.

3. வரி ரசீதும் மின்கட்டண ரசீதும் கட்டடம் எப்போதிருந்து உள்ளது என்பதைக் காட்ட உதவும். அவை அனுமதி ஆகமாட்டா.

4. விண்ணப்பத்தை ஊராட்சி அலுவலகத்தில் கொடுப்பதா, பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில் கொடுப்பதா என்று முன்பே கேட்டறியுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை பெறத் தவறாதீர்கள்.

5. மனு நிலுவையில் இருக்கும்போது கூடுதலாக ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள்.

இனிமேல்தான் கட்டப்போகிறவர்கள், கடைக்கால் தோண்டுமுன் வரைபடத்துடன் ஊராட்சி அலுவலகம் சென்று கேட்டுவிடுங்கள். கட்டிய கொட்டகையை இடித்து மாடுகளை வெயிலில் கட்டும் நிலை வராது.